கடல்நீரும் உருக்குத் தூண்களும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் பெருமை அதன் ஆழத்தில் உள்ளது. குன்றுகள் சூழ்ந்து காற்றைத் தடுக்க, பெருங்கப்பல்கள் கரைக்கு அண்மையில் வந்து நிற்கத்தக்க ஆழம் இயற்கையாகவே அமைந்திருக்க, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக இது நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றது. இப்பெருமையைக் கட்டுரையில் எழுதாத மாணவர் எம்மூரில் இலர். ஆயின், ஆழமுள்ளவிடத்தில் இறங்குதுறை அமைப்பதெனில் நெடிய தூண்களை நாட்டல் வேண்டும் என்பதையும், அத்தூண்கள் பெரும்பாலும் உருக்காலானவை அல்லது உருக்குக் கம்பியை உள்ளே கொண்ட கொங்கிறீற்றாலானவை என்பதையும், அவ்வுருக்கைக் கடல் இரவும் பகலும் தின்றுகொண்டிருக்கின்றது என்பதையும் எழுதியவர் மிகச் சிலரே. இறங்குதுறையில் நடப்பவர் காலடியிலுள்ள தளத்தைக் காண்கின்றார்; தூணைக் காண்பதில்லை. தூணைக் காண்பவருக்கும் அது மெலிந்துள்ள இடம் கண்ணிற் படுவது அரிது. அஃது ஏன் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

தமிழாசிரியன் ஒருவன் இரும்பைப் பற்றி எழுதப் புகுந்தமையின், முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். இரும்பின்மேற் படரும் செந்நிறப் பொருளை ஈழத்து வழக்கிற் 'கறள்' என்போம். 'கத்தி கறள் கட்டிவிட்டது' என்பது அடுக்களைப் பேச்சு. 'துரு' என்பது நூல்களிலும் தமிழகத்து வழக்கிலும் பெரிதும் பயில்வது. உலோகம் அழிந்துபோகும் நிகழ்ச்சியைத் தமிழகத்து அறிவியலார் 'அரிமானம்' என்பர். நாம் 'அரிப்பு' என்கின்றோம். ஆகவே கறள் என்பது விளைந்த பொருளுக்குப் பெயர். அரிப்பு என்பது நிகழும் வினைக்குப் பெயர். இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. கறள் மிகுதியாகத் தோன்றும் இடம் ஒன்றாகவும், அரிப்பு மிகுதியாக நிகழும் இடம் பிறிதொன்றாகவும் இருத்தல் உண்டு. கடலில் நிற்கும் தூணின் கதையை விளங்கிக்கொள்வதற்கு இதுவே திறவுகோல். திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை வகித்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கியவர். தமிழ் படித்தவனுக்கு இரசாயனம் அயலன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இரும்பு கறள் கட்டுவது ஏன்? மண்ணிலே இரும்பு தனித்துக் கிடைப்பது மிக அரிது. ஒட்சிசனோடு கூடிய கனிப்பொருளாகவே பெரும்பாலும் கிடைக்கின்றது. அதனை உலையிலிட்டுப் பெரும் வெப்பத்தைச் செலவிட்டு ஒட்சிசனைப் பிரித்தெடுத்தே இரும்பு ஆக்குகின்றோம். அவ்வாறு வலிந்து பிரிக்கப்பட்ட உலோகம் வாய்ப்புக் கிடைக்குந்தோறும் மீண்டும் ஒட்சிசனோடு கூட முயல்கின்றது. கறள் என்பது இரும்பு தன் பழைய நிலைக்குத் திரும்புதலன்றி வேறன்று. கல்லுக்கு இந்நிலை இல்லை. பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் கற்றூண்களும் சிற்பக் கற்களும் சுவாமிமலையின் அடியிற் கடலுள் வீழ்ந்து கிடந்தன. 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் அவ்விடத்தே சுழியோடிக் கண்டபொழுது, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை செதுக்கப்பட்ட கற்களென அடையாளங் காணத்தக்கனவாகவே இருந்தன. அதே காலம் அதே கடலில் ஓர் உருக்குத் தூண் கிடந்திருப்பின், அடையாளங் காண்பதற்கு எஞ்சுவது சிறிதேயாகும்.

கறள் கட்டுவதற்கு நீரும் ஒட்சிசனும் இரண்டும் வேண்டும். கொதிக்கவைத்து ஆற்றி எண்ணெய் மூடிய நீரில் இட்ட ஆணி பளபளப்பாகவே இருப்பதையும், குழாய்நீரில் இட்டது சில நாளில் சிவப்பதையும் மாணவர் ஆய்வுகூடத்திற் கண்டிருப்பர். கடல்நீரில் இட்டது அதனினும் விரைந்து கெடும். உப்பு இரும்பைத் தின்கின்றது என்று பொதுமக்கள் கூறுவது முற்றிலும் சரியன்று. உப்பு செய்வது வேறு. கறள் கட்டுதல் உண்மையில் ஒரு மின்நிகழ்ச்சி. இரும்பின் ஓரிடத்தில் உலோகம் அயனாகிக் கரைகின்றது; அங்கு விடுபட்ட இலத்திரன்கள் உலோகத்தினூடே பிறிதோரிடத்துக்குச் சென்று, அங்கே நீரையும் ஒட்சிசனையும் சந்திக்கின்றன. முதலாவது அனோட்டு, இரண்டாவது கதோட்டு. இச்சுற்று முற்றுப்பெற வேண்டுமெனின் வெளியே உள்ள நீரும் மின்னைக் கடத்தல் வேண்டும். நன்னீர் இதனை அரைமனத்தோடு செய்கின்றது. கடல்நீரோ ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புடையது. ஆதலின் மின்னை எளிதிற் கடத்துகின்றது. அன்றியும் உப்பிலுள்ள குளோரைட்டு அயன் உலோகத்தின்மேல் உண்டாகும் மெல்லிய காப்புப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். திருடன் உப்பன்று, உப்பு கதவைத் திறந்துவிடுவது.

இதனை வகுப்பறையிற் காட்டுவதற்கு எளிய வழி ஒன்றுண்டு. அரத்தாளால் நன்கு தேய்த்து மெருகேற்றிய இரும்புத் தகட்டின்மேல் உப்புநீர்த் துளி ஒன்றை இட்டுச் சில மணிநேரம் அசையாது வைத்திருங்கள். துளியின் ஓரத்தில் காற்று எளிதிற் புகும். நடுவில் அவ்வாறு புகாது. காற்று மிகுந்த ஓரமே முதலில் அழியும் என்றே எவரும் எண்ணுவர். துடைத்துப் பார்த்தால் நிகழ்ந்திருப்பது அதற்கு மாறானது. துளியின் ஓரத்தை அடுத்த விளிம்பு கேடின்றி இருக்கும். அதற்குச் சற்று உள்ளே கறள் வளையமாகப் படிந்திருக்கும். காற்றுக் குறைந்த நடுவிடமே அரிக்கப்பட்டிருக்கும். ஒட்சிசன் மிகுந்த பகுதி கதோட்டாகித் தன்னைக் காத்துக்கொண்டது. ஒட்சிசன் குறைந்த பகுதி அனோட்டாகித் தன்னை இழந்தது. கறள் காணப்படும் இடமும் அரிப்பு நிகழும் இடமும் வேறாதல் கூடும் என மேலே கூறியது இதுவே.

இனி அத்துளியை விட்டுத் தூணுக்கு வருவோம். கடலில் நாட்டிய ஓர் உருக்குத் தூணை மேலிருந்து கீழாக நோக்கின், அஃது ஒரே பொருளாயினும் ஐந்து வேறு நாடுகளில் வாழ்கின்றது எனலாம். மிக மேலே கடற்காற்று மாத்திரம் படும் பகுதி. அதன் கீழே அலை தெறிக்கும் பகுதி. பின்னர் வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட பகுதி. அதன் கீழ் எக்காலமும் நீருள் மூழ்கிய பகுதி. இறுதியிற் சேற்றுள் புதைந்த பகுதி.

அலை தெறிக்கும் பகுதியே பெரும்பாலும் மிகக் கொடிது. ஈரம் அங்கே மெல்லிய படலமாகப் படிகின்றது. காற்று அதனூடே தடையின்றிப் புகுகின்றது. வெயில் நீரை உலர்த்தி உப்பைச் செறிவாக்குகின்றது. மறுபடியும் அலை தெறிக்கின்றது. அடுத்தபடியாக அஞ்சத்தக்கது வற்றுமட்டத்துக்குச் சற்றுக் கீழே உள்ள சிறு பட்டையாகும். அதற்கு மேலுள்ள பகுதி வற்றும் பெருக்குமாக ஒட்சிசனை மிகுதியாகப் பெற்றுக் கதோட்டாகின்றது. கீழுள்ள பட்டை அதற்கு ஈடுகொடுத்து அனோட்டாகின்றது. உப்புநீர்த் துளியிற் கண்ட அதே நியாயம். பாக்குநீரிணைக்கு அப்பால் வடக்கே பல துறைகளில் வற்றும் பெருக்கும் பல அடி வேறுபடும். எமது கடலில் அவ்வேறுபாடு ஏறத்தாழ இரண்டு அடிக்கு மேற்படாது. ஆதலின் இங்கு அபாயப் பட்டைகள் குறுகியவை. குறுகியவை என்பதனால் நன்மை என்று மகிழ்தற்கில்லை; ஊரியும் சிப்பியும் பாசியும் மூடிய அச்சிறு பட்டையை எளிதிற் பாராது விட்டுவிடலாம் என்பதே அதன் பொருள்.

ஐரோப்பியக் கட்டட நியமம் ஒன்று இவ்வேறுபாட்டை எண்ணிற் காட்டுகின்றது. காப்பிடப்படாத உருக்குத் தூண், மிதவெப்பக் கடலில் ஐம்பது ஆண்டுகளில் அலை தெறிக்கும் பகுதியிலும் வற்றுமட்டப் பட்டையிலும் 3.75 மில்லிமீற்றரும், என்றும் மூழ்கிய பகுதியில் 1.75 மில்லிமீற்றரும் இழக்கும் எனக் கொண்டு கணித்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஒரே தூண், ஓரிடத்தில் இழப்பு மற்றோரிடத்தினும் இருமடங்குக்கு மேல். இவை குளிர்ந்த கடல்களுக்கு வகுத்த எண்கள். வெப்பம் மிகுந்த எமது நீரில் இவற்றை அப்படியே நம்பியிருத்தல் தகாது.

மூழ்கிய உருக்கு மெதுவாகவே அழிகின்றது என்பதற்கு எமது துறைமுகமே ஒரு சான்றை வைத்திருந்தது. 'சகாயிங்' என்னும் பிரித்தானியக் கப்பல் 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலில் இங்கே தீப்பற்றியது. ஏறத்தாழ 450 அடி நீளமுடைய அக்கப்பலை 1943இல் இங்கேயே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினர். இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் பல மாதங்கள் உழைத்து, 2018 மார்ச்சு மாதத்தில் அதனை மீண்டும் மிதக்கவைத்து அவ்விடத்திலிருந்து அகற்றினர். எழுபத்தைந்து ஆண்டு நீருள் கிடந்த உருக்கு, நீரை இறைத்தபின் தன் பாரத்தைத் தானே தாங்கி மிதக்கும் அளவுக்கு எஞ்சியிருந்தது. அத்தனை ஆண்டு காப்பின்றி அலைமட்டத்தில் நின்ற ஓர் இறங்குதுறைத் தூணிடம் இதனை எதிர்பார்த்தல் இயலாது. (எமது ஊரின் பெயரைத் தாங்கிப் பம்பாயிலே தேக்குமரத்தாற் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்ட 'திருக்கோணமலை' என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஆட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்து நிற்கின்றது. மரத்துக்குப் பகை வேறு, இரும்புக்குப் பகை வேறு.)

தடிப்பிற் சில மில்லிமீற்றர் குறைந்தால் என்ன கேடு என வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். புறவிட்டம் 400 மில்லிமீற்றரும் சுவர்த்தடிப்பு 10 மில்லிமீற்றரும் உடைய ஓர் உருக்குக் குழாய்த் தூணை எடுத்துக்கொள்க. அதன் குறுக்குவெட்டில் உலோகப் பரப்பு ஏறத்தாழ 12,250 சதுர மில்லிமீற்றர். வெளிப்புறத்தில் 4 மில்லிமீற்றர் அரிக்கப்பட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 7,280. தூணின் பருமன் கண்ணுக்குக் குறைந்ததாகவே தோன்றாது. 400 இருந்த இடத்தில் 392 உண்டு. ஆயின் பாரத்தைத் தாங்கும் உலோகத்தில் நூற்றுக்கு நாற்பது போய்விட்டது. அப்பட்டையிலுள்ள உருக்கு, பத்துத் தொன் சுமையைப் பதினேழு தொன் போல உணரும். மெலிந்த இடத்தின்மேற் கறளும் சிப்பியும் படிந்திருப்பின் தூண் முன்னையினும் பருத்ததாகவே தோன்றும். கறள் தான் தோன்றிய இரும்பினும் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைப்பது. நோயாளியின் வீங்கிய காலைப் பலமுள்ள கால் என்று எண்ணும் மயக்கம் இது.

அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. தூண் பெரும்பாலும் நசுங்கி அழிவதில்லை, மடிந்தே அழிகின்றது. வெறும் தகரப் பேணி ஒன்றை நிலத்தில் நிமிர்த்தி வைத்து அதன்மேற் கவனமாக ஒரு பாரத்தை ஏற்றுங்கள், தாங்கும். பாரம் இருக்கும்பொழுதே பக்கத்தில் ஒரு விரலால் மெல்ல அமுக்குங்கள்; நொடியில் மடிந்துவிடும். தூணைச் சுற்றி ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் அரிக்கப்படும்பொழுது, அவ்விரலின் வேலையைக் கடலே செய்கின்றது. பின்னர் ஒரு கப்பல் சற்று வேகமாக வந்து உரசினாலோ, வாடைக் காற்றில் அலை பக்கவாட்டில் மோதினாலோ போதும். தறையாணிகள், புரியாணிகள், காய்ச்சி ஒட்டிய மூட்டுகள், குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றின் இடுக்குகளில் நீர் தேங்கி ஒட்சிசன் குறைவதால் அங்கே குழியரிப்பு உண்டாகின்றது. ஊசித்துளை போன்ற குழியொன்றின் ஓரத்தில் விசை குவிந்து விரிசல் தொடங்கும். சட்டம் ஒன்று அறுந்தால் தூணின் கட்டற்ற நீளம் இருமடங்காகும். நீளம் இருமடங்கானால், மடியாது தாங்கும் வலிமை நாலில் ஒன்றாகக் குறையும். இது பதினெட்டாம் நூற்றாண்டில் ஒயிலர் என்னும் கணித அறிஞர் கண்ட விதி.

சேற்றுப் பகுதியில் ஒட்சிசன் அரிது. ஆதலின் அரிப்பும் பொதுவாகக் குறைவு. எனினும் அழுகிய முட்டை நாற்றம் வீசும் கருஞ்சேறு உள்ளவிடத்தில் ஐயுறுதல் வேண்டும். ஒட்சிசனின்றி வாழும் ஒருவகைப் பற்றீரியா கடல்நீரிலுள்ள சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றி உருக்கை விரைந்து அழியச் செய்யும். மாவலி கங்கை வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும் கொட்டியாரக் குடாவை அறிந்தவர்க்கு இத்தகைய சேறு புதிதன்று.

காக்கும் வழிகளுள் பழமையானதும் வியப்புக்குரியதும் சேர் அம்பிரி தேவி 1824இல் வெளியிட்டது. பிரித்தானியக் கடற்படையின் மரக்கப்பல்களுக்குப் போர்த்த செப்புத்தகடு கடல்நீரில் அழிவதைத் தடுக்குமாறு அவரிடம் கேட்டனர். செம்போடு சிறு நாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்தால், அத்துண்டு தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று அவர் காட்டினார். செம்பு காக்கப்பட்டது. ஆயின் கரைந்த செம்பே அதுவரை ஊரியையும் பாசியையும் அண்டாது விரட்டி வந்தது என்பது பின்னரே புலனாயிற்று. கரையாத செம்பின்மேல் அவை செழித்து வளர்ந்து கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. கடற்படையார் அம்முறையைக் கைவிட்டனர். நியாயம் சரி, இடம் பிழை. இன்று அதே நியாயம் உருக்குக்குப் பயன்படுகின்றது. உருக்குக் கப்பல்களின் அடியிலும் இறங்குதுறைத் தூண்களிலும் பொருத்தும் நாகக்கட்டி தேவியின் கண்டுபிடிப்பே. நாகம் கரையக் கரைய உருக்கு பிழைத்திருக்கும். கட்டி முடிந்ததும் மாற்றுதல் வேண்டும். மாற்ற மறந்த கட்டி, எண்ணெய் வற்றிய விளக்கு. இன்னொன்றும் மறத்தலாகாது. நாகம் நீருள் இருக்கும் பகுதியையே காக்கும்; மிகக் கொடியதென்று கூறிய அலை தெறிக்கும் பகுதிக்கு அதனாற் பயனில்லை. அங்கே தடித்த பூச்சோ, உறையோ, கொங்கிறீற்று மேலுறையோ வேண்டும்.

கொங்கிறீற்றினுள் வைத்த கம்பி கடலுக்குத் தப்பியது என்று எண்ணுவோர் பலர். நல்ல கொங்கிறீற்றின் காரத்தன்மை கம்பியைக் காக்கும் என்பது உண்மை. ஆயின் குளோரைட்டு நாளடைவில் நுண்டுளைகளூடே உட்சென்று கம்பியை அடையும். அடைந்தபின் கறள் பருத்துக் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கும். பிளப்பினூடே மேலும் உப்பு புகும். 2009 ஒற்றோபரிற் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமுடைய கிண்ணியாப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் செல்வோர் எத்தனை பேர்! அப்பாலம் உப்பு நீரின்மேல் நிற்கின்றது. அதன் தூண்களில் மயிரிழை விரிசலும் செந்நிறக் கசிவும் தோன்றுகின்றனவா எனக் காலந்தோறும் நோக்குதல் அதனைக் கட்டியதனோடு ஒத்த கடமை. இத்தாலியின் துறைமுக நகராகிய செனோவாவில் 1967இல் திறக்கப்பட்ட மொறாண்டி பாலம் 2018 ஓகத்து 14ஆம் நாள் இடிந்து 43 பேர் மாண்டனர். கொங்கிறீற்றுக்குள் மறைந்திருந்த உருக்கு இழைகள் அரிக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. எம்மவர் வீடு கட்டும்பொழுது கடற்கரை மணலையும் உவர்க் கிணற்று நீரையும் கொங்கிறீற்றுக்குக் கலப்பது, வெளியிலிருந்து வரவேண்டிய பகைவனை முதல்நாளே வீட்டினுள் குடியேற்றுவதாகும்.

கடலைத் தொடாமல், காற்றினாலேயே அழிந்த இரும்புக்குப் பாம்பன் பாலம் பாடம். 1914இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் வழியாகவே இராமேசுவரத் தீவையும் தனுக்கோடியையும் அடைந்து, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாருக்கு வந்தனர் எமது முன்னோர். 1964 டிசெம்பர்ப் புயல் அதன் பல சட்டங்களை வாரிக்கொண்டு போயிற்று; திருத்திக்கொண்டனர். புயலாற் கொல்ல முடியாததை உப்புக்காற்று மெல்ல மெல்லச் செய்தது. இடையறாது சுரண்டிப் பூசியும் பகுதிகளை மாற்றியும் நூறாண்டுக்கு மேல் அதனைக் காத்த தொழிலாளரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 2022 டிசெம்பரில் அதன்மீது புகைவண்டி ஓடுவது நிறுத்தப்பட்டது. அருகே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்பிரில் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கும் அதே காற்றுத்தான். சீனன்குடாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்வது. அவற்றைப் புதுப்பித்துப் பயன்படுத்துவதற்கு 2022 சனவரியில் இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. நீண்டகாலம் காடு மூடிக் கிடந்த தாங்கிகளின் அடித்தகட்டில் எஞ்சியுள்ள தடிப்பே அம்முயற்சியின் செலவைப் பெரிதும் தீர்மானிக்கும். வெளிச்சுவரின் தோற்றம் அன்று.

தூணொன்றைச் சோதிப்பவர் செய்யவேண்டியது அரிய காரியமன்று. வற்று வேளையில் வள்ளத்திற் சென்று, நீர்மட்டத்துக்கு ஒருமுழம் மேலும் ஒருமுழம் கீழும் சிப்பியையும் கறளையும் வெள்ளுலோகம் தெரியச் சுரண்டுதல். சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டல். ஒலியலையால் தடிப்பை அளக்கும் சிறு கருவியைத் தூணின் நாற்புறமும் வைத்துக் குறித்தல். அடுத்த ஆண்டு அதே இடங்களில் மீண்டும் அளத்தல். சுரண்டாது அளந்த அளவும், ஒருமுறை மாத்திரம் அளந்த அளவும் ஏட்டை நிரப்புமேயன்றி ஒன்றையும் அறிவியா. சுரண்டிய இடத்துக்கு அன்றே பூச்சிடாமல் வருவது, சோதனையே நோயாவதற்கு வழி.

பழைய மாணவருள் துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் சீமெந்து, மா ஆலைகளின் இறங்குதுறைகளிலும் பணிபுரிவோர் பலர் உளர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழுதடைந்த தூண் எதனையேனும் அகற்ற நேரின், நீர்மட்டப் பட்டையிலிருந்து ஒரு சாணும், என்றும் மூழ்கிய பகுதியிலிருந்து ஒரு சாணும் வெட்டிக் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவைப்பீராக. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, மாணவர் கையில் அளவுகோலைக் கொடுத்தாற் போதும்.